புகை தெரியாத வண்டி

சிபோட்டா காலனிக்காரர்களுக்குப் புகையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செப்பு உருக்கும் ஆலையின் இரண்டு புகைபோக்கிகளும் காலனியின் தலைமாட்டிலேயே நின்றன. காற்று கொஞ்சம் திரும்பினால் போதும், கந்தகப் புகை கூரைமேல் இறங்கிவிடும். அதற்கு அங்கே 'சென்டா' என்று பெயர். கண் எரியும், தொண்டையை அறுக்கும், கொடியில் காயும் சட்டை ஆறு மாதத்தில் இற்றுப்போகும். தகரக் கூரையெல்லாம் சல்லடை. முற்றத்தில் மாமரத்தைத் தவிர வேறெதுவும் பிழைக்காது. "சென்டா வருது" என்று யாராவது கத்தினால் குழந்தைகள் விளையாட்டைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடும். கண்ணை எரிக்காத புகையை அங்கே யாரும் புகைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அந்தக் காலனியில்தான் கபாசோவும் அவன் மனைவி அஸ்த்ரிடாவும் பன்னிரண்டு வருஷமாகக் காவல் நாய்களை வைத்துப் பிழைத்தார்கள். மூன்று நாய்கள். ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம், அதற்கேற்ற வாய். சாயங்காலம் ஆறு மணிக்கு நாய்களும் அவற்றைப் பிடிக்கும் ஆட்கள் மூவரும் சோள மாவு ஆலைக் கிடங்குக்குப் போய்ச் சேரவேண்டும். கிடங்கைச் சுற்றி வேலி மட்டும் மூன்று கிலோமீட்டர். நடந்து சுற்றினால் ஒரு பக்கம் பார்த்து முடிப்பதற்குள் மறுபக்கம் மூட்டை போய்விடும். அதனால் ஆள் சைக்கிளில் போவான், நாய் பக்கத்தில் ஓடும். கிடங்கு இருபது கிலோமீட்டர் தள்ளி. சைக்கிளையும் நாயையும் ஆளையும் சேர்த்தே ஏற்றிப்போக வண்டி வேண்டும்.

அந்தப் பக்கத்தில் அக்கம்பக்கத்தாரிடம் நேரில் சொல்ல முடியாததை நாய்க்குப் பெயராக வைத்துவிடுவது வழக்கம். நாயைக் கூப்பிடுகிற சாக்கில் தினம் நாலு தடவை காது குளிரச் சொல்லிக்கொள்ளலாம். கபாசோ தன் நாய்களுக்கு 'உனக்கென்ன', 'வயிற்றெரிச்சல்', 'சம்பாதிச்சுப் பார்' என்று வைத்திருந்தான். எதிர்வீட்டுக்காரி அவனோடு பேச்சை நிறுத்தி ஏழு வருஷம் ஆகிறது.

அந்த அக்டோபர் கடைசியில் பழைய வண்டியின் கியர் பெட்டி நடுரோட்டில் கொட்டிவிட்டது. அடுத்தடுத்து இரண்டு நாள் நாய்கள் ஏழரை மணிக்குத்தான் கிடங்குக்குப் போயின. மூன்றாம் நாள் ஆலை மேனேஜர் கடிதம் கொடுத்தனுப்பினார். இனி ஒருநாள் ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் கூடினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். அவர்களுக்கு இருந்ததே அந்த ஒரு வேலைதான். மகள் லோம்பே உறைவிடப் பள்ளியில் படிப்பதும் அதில்தான், நாய் பிடிக்கிற மூன்று பேர் வீட்டில் அடுப்பு எரிவதும் அதில்தான். அஸ்த்ரிடா கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே இருவரும் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போனார்கள். பழைய ஜப்பான் வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் மைதானம். வெயில் ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது. டிக்சன் என்கிற விற்பனைக்காரன் அவர்களைப் பார்த்ததுமே குடையும் கையுமாக ஓடிவந்தான்.

"வாங்கப்பா, வாங்கம்மா. என்ன வேணும்? கல்யாணத்துக்கா, காய்கறிக்கா?"

"நாய்க்கு," என்றான் கபாசோ.

"நாய்க்கா? நாய்க்கு எதுக்குங்க வண்டி? அது நாலு காலோடதானே பொறந்திருக்கு?"

"ஒன்ன கொண்டாந்து அவுத்து விடறேன். நீயே கேட்டுக்க."

அவர்கள் காசுக்கு இரண்டே வண்டிதான் தேறின. ஒன்று பின்பக்கம் திறந்த டீசல் லாரி. இன்னொன்று நாலு பக்கமும் அடைத்த வெள்ளைப் பெட்ரோல் வேன். கபாசோவின் கண் லாரிமேலேயே இருந்தது. ஏறி நின்று குதித்துப் பார்த்தான், சக்கரத்தை உதைத்தான், இறங்கிவந்து மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"லோம்பே அம்மா, இதுதான் நம்ம வண்டி. மூணு சைக்கிள், மூணு நாய், மூணு ஆளு. இன்னும் ஒரு கோயில் பாட்டுக் குழுவையே ஏத்தலாம்."

"மழை வந்தா?"

"நனையட்டும். நாய்தானே."

"நாய் நனையும், ஆளு நனைய மாட்டானா? சென்டா எறங்கினா அதுங்க கண்ணு என்ன ஆகும்? போன வருஷம் திறந்த வண்டியிலேர்ந்து குதிச்சு ஒரு நாய் செத்துச்சே, மறந்துட்டீங்களா?"

டிக்சன் லாரியைக் கிளப்பிக் காட்டினான். பின்னால் கரேலென்று ஒரு மேகம் எழுந்து பக்கத்து வண்டியை மறைத்தது. அஸ்த்ரிடா தலைத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"ஏற்கனவே ரெண்டு புகைபோக்கிக்குக் கீழதான் குடியிருக்கோம். மூணாவதா ஒண்ணு வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகணுமா?"

வேனைக் கிளப்பினார்கள். அடியில் எங்கோ தகரம் தடதடத்தது, ஆனால் கண்ணுக்குப் புகையே தெரியவில்லை. கபாசோ கீழே குனிந்து, புகைக்குழாய்க்கு நேராக முகத்தை வைத்து, சாராயக் கடையில் மோந்துபார்க்கிற மாதிரி நீளமாக இழுத்தான். டிக்சன் வாயைப் பிளந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"நாங்க சிபோட்டாக்காரங்கப்பா. மூக்குதான் எங்க மிஷின்." எழுந்து கைகளைத் தட்டிக்கொண்டான். "கண்ணு எரியல. தொண்டை அறுக்கல. சுத்தமான வண்டிதான், லோம்பே அம்மா. நீங்க ஜெயிச்சீங்க."

அவன் விட்டுக்கொடுத்ததில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் வண்டி விஷயத்தில் அவள் சொல் எடுபட்டது அதுதான் முதல் தடவை. முன்சீட்டுக்குப் பின்னால் கூரைவரை ஒரு பலகை அடித்திருந்தது. எதற்கென்று கேட்டாள். தக்காளிக் கூடை முன்னால் சரியாமல் இருக்க என்றான் டிக்சன். நாய் முன்னால் பாயாமல் இருக்க நல்லதாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சைக்கிள்களை ஏற்றியபோதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. அங்கே ஓட்டுகிற சைக்கிள்கள் சோள மூட்டை ஏற்றுகிற நீளக் கேரியர் சைக்கிள்கள். எப்படி மடக்கி வைத்தாலும் ஒரு பின்சக்கரம் ஒரு சாண் வெளியே துருத்தியது. வேனின் பின்கதவு மேலே தூக்குகிற மாதிரியானது. அதை முழுசாகச் சாத்த முடியவில்லை. கபாசோ பழைய டியூபைக் கிழித்து வாராக்கி, கதவை இழுத்துச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டினான்.

"நல்லதாப் போச்சு," என்றாள் அஸ்த்ரிடா. "நாய்ங்களுக்குக் காத்து வரும்."

"பாத்தீங்களா, ஜன்னல் இல்லாத வண்டிக்கு ஜன்னலும் வெச்சாச்சு."

இரண்டாம் நாள் இன்னொன்று தெரிந்தது. வண்டியை அணைத்தால் மறுபடி கிளம்புவதற்கு நாலு பேர் தள்ளவேண்டும். அதற்காக யாரும் அழவில்லை. போய்ச்சேரும்வரை அணைக்காமல் இருந்தால் முடிந்தது. முதல் மூன்று நாளும் ஐந்தே முக்காலுக்கே கிடங்குக்குப் போய்விட்டார்கள். மேனேஜர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார் என்று கபாசோ வந்து சொன்னபோது அவள் அன்றைக்குக் களிக்குத் தொட்டுக்கொள்ளக் கோழி அடித்தாள்.

நாலாம் நாள் 'உனக்கென்ன' கிடங்கில் இறங்கியதும் வாந்தி எடுத்தது. மற்ற இரண்டும் வேலியோரம் போய்ப் படுத்துக்கொண்டன. அடுத்த நாள் சாயங்காலம் மூன்று நாய்களும் வேன் பக்கமே வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு, காதை மடக்கிக்கொண்டு, இழுக்க இழுக்கப் பின்னால் போயின. சங்கிலி பிடித்திருந்த சிக்வாண்டா கையில் தோல் உரிந்துவிட்டது. நாய் பிடிக்கிறவர்களில் அவர்தான் மூத்தவர், ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார்.

"பாஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இந்த வண்டி முன்ன என்ன ஏத்திச்சு?"

"தக்காளி."

"தக்காளிக்கா கூரை வரைக்கும் பலகை அடிப்பான்? டிரைவரயும் பின்னால படுத்திருக்கறவனயும் பிரிக்கறதுக்கு அடிச்ச பலகை அது. இது பொணம் ஏத்தின வண்டி."

"ஆரம்பிச்சுட்டாரு," என்றான் கபாசோ.

"நானும் அஞ்சு நாளா பின்னாலதானே உக்காந்து வரேன். ஏறி உக்காந்தா பத்து நிமிஷத்துல தலைக்குள்ள இடிக்குது. கை காலு என்னோடது மாதிரியே இல்ல. யாரோ மேல வந்து உக்காந்தாப்ல இருக்கு. கூட வர்ற ரெண்டு பேரையும் கேளுங்க. நாய்க்கு நம்மள விட முன்னாடியே தெரிஞ்சுபோச்சு."

மற்ற இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அஸ்த்ரிடாவுக்குச் சுருக்கென்றது. வண்டியைச் சொன்னால் தன்னைச் சொன்ன மாதிரிதான் அவளுக்குப் பட்டது. "வெயில் காலத்துல தலை வலிக்காம என்ன செய்யும்? தண்ணி குடிங்க," என்றாள். சொன்னாளே தவிர, மறுநாள் ஜெபக் கூட்டத்து ஆளைக் கூட்டிவந்து வண்டிக்குள் உப்புத் தண்ணீர் தெளிக்கச் செய்தாள். அடியில் தடதடக்கும் தகரத்தை ஒரு மெக்கானிக்கிடம் காட்டவேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. புகைதான் எரியவில்லையே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் கறுத்துத் தொங்கியது. அந்த வருஷத்தின் முதல் மழை. மண்ணுக்குள்ளிருந்து சூடு கிளம்பிக் கால் வெந்தது. காற்று அசையவில்லை, சென்டா காலனிமேல் அப்படியே படுத்திருந்தது. நாலரை மணிக்கு நாய்களை ஏற்ற வந்த சிக்வாண்டா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நாங்க மினி பஸ்ல போய் இறங்கிக்கறோம், பாஸ். காசு எங்க கைக்காசு. சைக்கிளும் நாயும் வண்டியில வரட்டும். நாங்க அதுல ஏற மாட்டோம்."

"ஆளில்லாம மூணையும் ஒண்ணா போட்டா கடிச்சுக் கொதறிக்குமே!"

"ஏற மாட்டோம், பாஸ். வேலைய விடச் சொன்னாலும் சரி."

கபாசோ கோபப்படுவான் என்று அஸ்த்ரிடா எதிர்பார்த்தாள். அவன் சிரித்தான்.

"சரி, போங்க. பின்னால நான் உக்காந்துக்கறேன். லோம்பே அம்மா ஓட்டட்டும். அந்த ஆவியோட ரெண்டு வார்த்தை பேசணும் எனக்கும். உயிரோட இருந்தப்ப யாருக்கு என்ன வேலை பாத்துச்சுன்னு கேட்டு வைக்கறேன். வேணும்னா நம்மகிட்டயே வேலைக்குச் சேத்துக்கலாம். சம்பளம் மிச்சம்."

"வேணாங்க," என்றாள் அவள்.

"நீங்களும் நம்பறீங்களா?"

"நான் நம்பல."

"அப்புறம் என்ன? உங்க வண்டிய நான் நம்பறேன்."

அதற்கு மேல் அவள் எப்படித் தடுப்பாள்? மணி ஐந்தாகப்போகிறது. நாய்களை அவன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டான். அவனும் உள்ளே ஏறிக்கொள்ள, அவள் வாரால் கதவைக் கட்டினாள். அக்கம்பக்கத்துப் பையன்கள் நாலு பேர் தள்ள, அவள் கிளப்பும்போதே முதல் துளிகள் கண்ணாடியில் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஓரத்தில் விரல் நுழைகிற இடைவெளி மட்டும் விட்டாள். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கபாசோவின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"லோம்பே அம்மா, பள்ளத்தயெல்லாம் தேடித் தேடி விடறீங்களே, என்ன கணக்கு?"

"ரோடே பள்ளம். நான் என்ன செய்ய? ஆவி வந்துச்சா?"

"வந்துச்சு. நல்ல பொம்பளை. சமைக்கக் கேட்டா உங்களவிட நல்லா சமைப்பாளாம்."

"அப்ப அங்கேயே குடும்பம் நடத்துங்க."

அவன் சிரித்தான். சிரிப்பின் முடிவில் இருமினான்.

ரயில் பாதைக் கதவு சாத்தியிருந்தது. செப்புத் தாது ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது. முன்னால் பத்து வண்டி, பின்னால் ஒரு லாரி இடித்துக்கொண்டு வந்து நின்றது. அணைத்தால் தள்ளுவதற்கு ஆளில்லை. எஞ்சினை ஓடவிட்டபடியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து பத்தொன்பது.

"என்னங்க, நின்னுட்டோம். கேட்டு."

"ம்." பிறகு மெதுவாக, "இங்க காத்தே இல்ல. நாய் மூச்சு மூஞ்சில அடிக்குது. தலை கனக்குது."

"காலைலேர்ந்து சாப்பிடாம திரிஞ்சா கனக்காதா? இருங்க வரேன்."

அவள் மழையில் இறங்கிப் பின்னால் ஓடினாள். டியூப் வாரின் முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்து, கதவை ஒரு முழம் மேலே தூக்கித் தளர்த்திக் கட்டினாள். உள்ளே இருட்டில் அவன் ஒரு நாயின்மேல் சாய்ந்து காலை நீட்டியிருந்தான். அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

"இப்ப காத்து வருதா?"

"வருது. நல்லா வருது. ஓடுங்க, நனையாதீங்க."

முன்சீட்டுக்குத் திரும்பி ஈரத் தலைத்துணியைப் பிழிந்தாள். கூட்ஸ் வண்டி இன்னும் போய்வந்துகொண்டிருந்தது. தனக்கும் நெற்றி லேசாக வலிப்பதை அவள் கவனித்தாள், பதற்றம் என்று விட்டுவிட்டாள். மணி ஐந்தரையைத் தாண்டியது. பேச்சுக் கொடுத்தால் நேரம் போகும் என்று, லோம்பே லீவுக்கு வரும்போது அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கவேண்டும் என்பதைச் சொன்னாள். அவனிடமிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. எதிர்வீட்டுக்காரி மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம் என்றாள். அதற்குப் பதில் வரவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம்தான், என்ன மனுஷன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் தலைக்குப் பின்னால் பலகையை ஏதோ பிராண்டியது. நகம் தேய்கிற சத்தம், நடுவே ஒரு முனகல். 'உனக்கென்ன'வாகத்தான் இருக்கும். அவள் முழங்கையால் பலகையை இடித்தாள்.

"சும்மா இரு, சனியனே! அவர் தூங்கட்டும்."

இன்னும் இரண்டு முறை பிராண்டிவிட்டு அது நின்றது. சொன்னதைக் கேட்டதே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஐந்து நாற்பத்திரண்டுக்கு ரயில் பாதைக் கதவு திறந்தது. அதன் பிறகு அவள் ஓட்டிய ஓட்டத்தைக் கபாசோ பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பான். கிடங்கு வாசலில் போய் நின்றபோது இன்னும் நாலு நிமிஷம் பாக்கி. மேனேஜர் குடைக்குள் நின்றுகொண்டிருந்தார். மினி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த சிக்வாண்டாவும் மற்ற இருவரும் காவல்காரர் கொட்டகைக்குக் கீழே ஒதுங்கி நின்றார்கள். அவள் ஹாரனை இரண்டு தரம் அடித்தாள். அந்த நேரத்தில் அவளைவிடச் சந்தோஷமான மனுஷி அந்த ஜில்லாவிலேயே இல்லை.

"வந்தாச்சு, லோம்பே அப்பா! எழுந்திருங்க! நாலு நிமிஷம் இருக்கு!"

வாசல் காவல்காரர் சின்யாமா, சுரங்கத்தில் முப்பது வருஷம் இறங்கி ஏறியவர், வாரை வெட்டிக் கதவைத் தூக்கினார். ஒன்றும் வெளியே குதிக்கவில்லை. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பாமலே கத்தினார்.

"எஞ்சின அணைம்மா! மொதல்ல அணை!"

"அணைச்சா மறுபடி கெளம்பாதுங்க."

"அணைங்கறேன்!"

அவர் கபாசோவின் காலைப் பிடித்து இழுத்து மழைக்குள் போட்டார். நாய்கள் இரண்டு இறந்துகிடந்தன. 'உனக்கென்ன' பலகையோரம் சுருண்டிருந்தது, விலா மட்டும் லேசாக ஏறி இறங்கியது. அஸ்த்ரிடா ஓடிவந்து புருஷனின் தலையை மடியில் தூக்கி வைத்தாள். உடம்பு சூடாகத்தான் இருந்தது. சின்யாமா அவன் நெஞ்சை அழுத்தினார், வாயில் ஊதினார், மறுபடி அழுத்தினார். உதவிக்கு ஆள் கேட்டார். ஒருவரும் கிட்ட வரவில்லை. பிணம் ஏற்றிய வண்டி என்கிற பேச்சு அதற்குள் கொட்டகை முழுக்கப் பரவியிருந்தது. மேனேஜர்கூட இரண்டடி பின்னால் போயிருந்தார்.

"சொன்னேனே, பாஸ்," என்று சிக்வாண்டா அழுதார். "கெஞ்சினேனே."

நெடுநேரம் கழித்துச் சின்யாமா கையை எடுத்தார். செத்த நாயின் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தார். ஈறு, அப்போதுதான் அறுத்த இறைச்சி நிறத்தில் சிவந்திருந்தது.

"பேயுமில்ல, பொணமுமில்ல. சுரங்கத்துல இப்படி ஈறு செவந்து எத்தனை பேரத் தூக்கியிருக்கேன். வண்டிப் புகை."

"புகையே இல்லீங்களே," என்றாள் அவள். "எரியவே இல்லையே. அவர் குழாய்ல மூக்கு வெச்சுப் பாத்தாரே."

"எரியாதும்மா. மணக்காது, தெரியாது. அதான் ஆளக் கொல்லும். பின்கதவ தொறந்து வெச்சா நல்ல காத்து உள்ள வரும்னு நெனச்சீங்க. வராது. அடியில ஒடஞ்சு தடதடத்துச்சே, அந்தக் குழாய் விடறத எல்லாம் கதவு வழியா உள்ளதான் இழுக்கும். எவ்வளவு தொறக்கறியோ அவ்வளவு இழுக்கும்." அவர் அறுந்து தொங்கிய வாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இவ்வளவு அகலமா யாரு கட்டினது?"

சிக்வாண்டா முன்னால் வந்து அஸ்த்ரிடாவின் தோளில் கை வைத்தார்.

"யாரும் கட்டல, பெரியவரே. வீட்ல தினமும் ஒரு சாண்தான் கட்டுவாங்க, நான் பாத்திருக்கேன். வழியில அதுவா அவுத்துக்கிச்சு. அந்த வண்டில இருக்கறதுதான் அவுத்துச்சு."

ஆமாம் ஆமாம் என்று கொட்டகைக்குள் நாலைந்து குரல் எழுந்தது. மேனேஜரும் தலையாட்டினார். எல்லாருக்கும் அது போதுமானதாக இருந்தது. அவள் சும்மா இருந்தால் போதும், காலனி முழுக்க அவளோடு சேர்ந்து அந்த ஆவியைச் சபித்து அழுதிருக்கும்.

அஸ்த்ரிடா புருஷனின் நெற்றியில் விழுந்த மழைத்தண்ணீரைக் கையால் வழித்துவிட்டாள்.

"நான்தான் கட்டினேன்," என்றாள். "கேட்டுல நின்னப்ப எறங்கிப் போய் அவுத்து, அகலமா கட்டினேன். காத்து வரட்டும்னு. வருதான்னு கேட்டேன். நல்லா வருதுன்னு சொன்னாரு."

மழைச் சத்தத்தில் கொட்டகையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது என்று பட்டது. தலையை நிமிர்த்தி, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.